ரோட் பைக்குக்கு மட்கார்டு, பெல், கேரியர்: ஃபிரேமைக் கெடுக்காமல் மாட்டும் முழு வழிகாட்டி

நவம்பர் மாதம், ஈசிஆர், காலை ஐந்தரை மணி. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. முட்டுக்காடு பாலம் தாண்டியதும் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தேன். பல்லில் நறநறவென்று மணல். முன் டயர் வாரி அடித்த சாலைச் சேறு பாட்டில் வாயில் அப்பிக்கிடந்தது. மழை நாளில் சென்னைச் சாலைத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்று நாள் வயிற்றுப்போக்கில் படுத்தேன்.

என் அப்பா ஓட்டியது ஹெர்குலிஸ். 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் அம்பத்தூர்த் தயாரிப்பு. மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, பெல், டயரில் உரசி எரியும் டைனமோ என்று எல்லாம் கடையிலிருந்து வரும்போதே இருந்தன. அந்த சைக்கிளில் அவர் மழையிலும் வேலைக்குப் போனார், திரும்பும்போது ஒரு மூட்டை அரிசியும் கொண்டுவந்தார். அதைப்போல எத்தனையோ மடங்கு விலை கொடுத்து வாங்கும் ரோட் பைக்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பந்தயத்துக்கு என்று வடிவமைத்த வண்டி, அதனால் இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் பந்தயம் ஓட்டுகிறோம்?

"இவ்வளவு நல்ல சைக்கிளில் போய் மட்கார்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரேயில் 1938-ல் கடை போட்டவர் அலெக்ஸ் சிங்கர். சில ஆண்டுகளில் அதே ஊரில் தொழில் தொடங்கியவர் ரெனே எர்ஸ். இந்த இருவரும் கையால் செய்த சைக்கிள்களுக்கு இன்றும் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கிறார்கள். அவற்றில் அலுமினிய மட்கார்டு, விளக்கு, சிறிய முன் கேரியர் மூன்றும் ஃபிரேமோடு சேர்த்தே திட்டமிட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். 1200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்தை அப்படிப்பட்ட சைக்கிள்களில்தான் வேகமாக முடித்தார்கள். உயர்ந்த சைக்கிளுக்கும் மட்கார்டுக்கும் பகை எதுவும் இல்லை.

பகை இருப்பது அவசரமாக, தவறான இடத்தில், தவறான கிளாம்ப் போட்டு இறுக்குவதில்தான். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

கார்பன் குழாயில் கிளாம்ப் வேண்டாம்

கார்பன் ஃபிரேம் பலவீனமானது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. இழைகள் ஓடும் திசையில் வரும் இழுவிசையை அது அபாரமாகத் தாங்கும். ஆனால் சுவர் மிக மெல்லியது. ஒரே இடத்தில் சுற்றிப் பிடித்து நசுக்கும் அழுத்தத்துக்காக அது செய்யப்படவில்லை. ஸ்டாண்டோ கேரியரோ மாட்ட உலோக வளையத்தைப் போட்டு இறுக்கினால் உள்ளே அடுக்குகள் பிரியலாம். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

நண்பர் ஒருவர் புதுக் கார்பன் பைக்கைப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோய், சைடு ஸ்டாண்டு போட்டுத் தரச் சொன்னார். கடைக்காரருக்கு இரும்பு சைக்கிள் பழக்கம். பின்சக்கரத்துக்குப் போகும் இடதுபக்கக் குழாயில், அதாவது செயின் ஸ்டேயில், இரண்டு தகடு வைத்து "ஆடக்கூடாது சார்" என்று ஸ்பேனரால் நன்றாக இறுக்கிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் மிதிக்கும்போதெல்லாம் டிக் டிக் என்று சத்தம். ஸ்டாண்டைக் கழற்றினால் குழாயில் விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாகக் கோடு. கடைக்காரர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எனவே விதி இதுதான்: கார்பன் ஃபிரேம், கார்பன் ஃபோர்க், கார்பன் சீட் போஸ்ட் எதிலும் உலோக கிளாம்ப் போடக்கூடாது. கம்பெனி கொடுத்திருக்கும் மரையுள்ள துளை, சக்கர அச்சு, சாடிலின் அடிக்கம்பி, ரப்பர் பட்டையால் லேசாகப் பிடித்துக்கொள்ளும் பொருள் ஆகியவை மட்டுமே அனுமதி. சாடில் கம்பியும் கார்பன் என்றால் அதிலும் ரப்பர் பட்டை அல்லது துணிப் பட்டைதான். அலுமினிய, இரும்பு ஃபிரேமில் ரப்பர் வைத்த பி-கிளிப் (குழாயைச் சுற்றிப் பிடிக்கும் P வடிவ வளையம்) போடலாம், அடியில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டு.

வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியவை

2.5 முதல் 6 வரை ஆலன் கீ ஒரு செட், இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு சின்ன டார்க் ரெஞ்ச், ஹாக்ஸா பிளேடு, அரம். எம்5 அளவில், அதாவது 5 மில்லிமீட்டர் தடிமனில், எஸ்.எஸ். போல்ட்டு 10, 12, 16, 20 மில்லிமீட்டர் நீளத்தில் நான்கு நான்கு. கூடவே வாஷர், நைலான் வைத்த நட்டு. ரோட் பைக்கில் பாட்டில் கூடு, மட்கார்டு, கேரியர் என்று துணைப்பொருள் மாட்டும் துளைகள் பெரும்பாலும் எம்5-தான். ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கிரீஸ், மரையைக் கவ்விப் பிடிக்கும் நீலத் திரவம், இன்சுலேஷன் டேப், ஒரு பழைய ட்யூப், அறுந்துபோன ரப்பர் செருப்பு. கடைசி இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிறைய வேலை இருக்கிறது.

இன்னொன்று, ஃபிரேம் காப்பு டேப். ஹெலிகாப்டர் டேப் என்று கேட்டால் சைக்கிள் கடையில் தருவார்கள். பட்டை, கேபிள், பை எது ஃபிரேமில் உரசினாலும் முதலில் அங்கே இதை ஒட்ட வேண்டும். ரப்பர் பட்டைக்கு அடியில் புகுந்த மணல், ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் அதிர்வில் உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.

மட்கார்டு: முதலில் அளவு

வேலையில் பாதி அளவெடுப்பதுதான். டயரில் 28 என்று போட்டிருந்தால் அது 28 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் என்று நம்பாதீர்கள். இப்போது வரும் அகலமான ரிம்களில் 28 டயர் 30 வரை உப்பி நிற்கும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் காற்றழுத்தத்துக்கு ஏற்றிவிட்டு வேர்னியர் வைத்து அளக்க வேண்டும்.

அடுத்தது, டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது. நான்கு இடம்: முன் ஃபோர்க்கின் தலைக்கு அடியில், பின்பக்கம் சாடிலுக்கு அடியிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் குழாய்கள், அதாவது சீட் ஸ்டேக்கள், மேலே சேரும் இடத்தில், சீட் குழாய்க்குப் பின்னால், செயின் ஸ்டேக்களுக்கு நடுவில். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் வண்டியானால் பிரேக்கின் அடிப்பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. 6 மி.மீ. ஆலன் கீயை அந்த இடுக்கில் நுழையுங்கள். அது தாராளமாகப் போய், அதோடு 4 மி.மீ. கீயும் சேர்ந்து போனால் முழு மட்கார்டு போடலாம். மட்கார்டின் கனம், அதைப் பிடிக்கும் தகடு, அதற்கும் டயருக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டராவது காலி இடம் என்று கணக்குப் போட்டால் பத்து வந்துவிடும். 6 மட்டும் இறுக்கமாகப் போகிறது என்றால் டயரை 25-க்கு மாற்ற வேண்டும், அல்லது பின்னால் சொல்லப்போகும் பட்டை வகை மட்கார்டு. 6-ம் போகவில்லையா? அந்த ஃபிரேமில் முழு மட்கார்டு என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அரைகுறை இடைவெளியில் மாட்டினால் ஒரு சின்னக் கல் போதும், சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

அகலத்தைப் பொறுத்தவரை, அளந்த டயர் அகலத்தைவிட ஏழெட்டு மில்லிமீட்டர் கூடுதலான மட்கார்டு வாங்குங்கள். டயர் ஓரங்களை மூடவில்லை என்றால் தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறும்.

மூன்றாவது, துளை தேடுவது. இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். தங்கள் ஃபிரேமில் துளை இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் இருக்கும். தோற்றத்துக்காக உள்பக்கம் மறைத்து, சின்ன ரப்பர் மூடியோ திருகோ போட்டு அடைத்திருப்பார்கள். ட்ரெக் டொமானே அப்படி மறைத்து வைத்த மாதிரிதான். டார்ச் அடித்து ஃபோர்க்கின் இரு முனைகளின் உள்பக்கத்தையும், பின்சக்கர அச்சுக்கு மேலேயும், ஃபோர்க் தலையின் அடியையும் பாருங்கள். சில ஃபிரேம்களுக்கு சீட் ஸ்டேக்களுக்கு நடுவே மாட்டும் பாலம் தனியாக வரும். வாங்கும்போது வந்த பெட்டியில் அந்தச் சின்னப் பொட்டலத்தைத் தேடிப் பாருங்கள்.

முழு மட்கார்டு மாட்டும் முறை

பின்பக்கத்தில் தொடங்குங்கள். அதுதான் கடினம். அது முடிந்தால் முன்பக்கம் கால் மணி நேர வேலை.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு மட்கார்டை ஃபிரேமுக்குள் நுழையுங்கள். அதன் கீழ்முனையைச் செயின் ஸ்டேக்களுக்கு நடுவே உள்ள துளையில் போல்ட்டால் லேசாகப் பிடியுங்கள், இறுக்க வேண்டாம். அங்கே துளை இல்லாத ஃபிரேமும் உண்டு. அப்போது மட்கார்டில் இரண்டு ஓட்டை போட்டு, காப்பு டேப் ஒட்டிய குழாயில் கேபிள் டையால் கட்டலாம். இழுத்துக் கட்டாதீர்கள், ஆடாமல் நின்றால் போதும். அடுத்து மேலே பாலத்தில் பிடியுங்கள். ரிம் பிரேக் என்றால் பிரேக்கின் நடு போல்ட்டே மட்கார்டுத் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும். அப்படிச் செய்யும்போது அந்த போல்ட்டின் மரை முன்பு பிடித்த அளவுக்கு இப்போதும் பிடிக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிரேக் விஷயத்தில் ஒரு சுற்று குறைந்தாலும் நீள போல்ட்டு வாங்காமல் ஓட்டக்கூடாது.

இப்போது சக்கரத்தை மாட்டிவிட்டு மட்கார்டின் வளைவும் டயரின் வளைவும் ஒத்துப்போகின்றனவா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். பாலத்தின் அருகே இடைவெளி கூடுதலாக இருந்தால், பலரும் செய்வது போல மட்கார்டை இழுத்து வளைத்து இறுக்கிவிடாதீர்கள். இழுவிசையிலேயே நிற்கும் பிளாஸ்டிக் மழைக்காலம் முடிவதற்குள் அந்த போல்ட்டு ஓட்டையில் விரிசல் விடும். நடுவில் துண்டு வைத்து நிரப்ப வேண்டும். இதற்குத்தான் ரப்பர் செருப்பு. குதிகால் பகுதியிலிருந்து ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெட்டி, நடுவில் சூடான ஆணியால் ஓட்டை போட்டால் அருமையான ஸ்பேசர். அதிர்வையும் உறிஞ்சும், கடகட சத்தமும் வராது. என் வண்டியில் இரண்டு வருடமாக நீலநிறச் செருப்புத் துண்டு ஒன்று இருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு தாங்கு கம்பிகள். இரு பக்கமும் கம்பியைத் துளைக்கு நேராக வைத்து, போல்ட்டைக் கையால் மட்டும் திருகுங்கள். டயரைப் பின்னாலிருந்து பார்த்து நடுவில் கொண்டுவாருங்கள். கம்பி எவ்வளவு நீளம் மிஞ்சுகிறது என்று டேப் ஒட்டி அடையாளம் வைத்து, கழற்றி, ஹாக்ஸாவால் அறுத்து, முனையை அரத்தால் மழுக்கி, கூட வந்த ரப்பர் தொப்பியைப் போடுங்கள். மழுக்காத கம்பி முனை கெண்டைக்காலைக் கிழிக்கும். டிஸ்க் பிரேக் பக்கத்தில் கம்பி, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் இடிக்கும். அங்கே போல்ட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஓர் அலுமினிய ஸ்பேசரும் அதற்கேற்ற நீள போல்ட்டும் போட்டால் விலகிவிடும்.

இந்த இடத்தில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று: வலதுபக்கம், கியர் இருக்கும் பக்கத்தின் போல்ட்டு நீளம். துளையைத் தாண்டி உள்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும், செயின் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கு வரும்போது அதில் உரசும், சில சமயம் சிக்கியே நின்றுவிடும். ரிப்பேர் ஸ்டாண்டில் வைத்துச் சுற்றும்போது பலர் நடு கியரில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். கட்டாயம் செயினை மிகச் சின்னதில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். 10 மி.மீ. போல்ட்டு சரியாக நிற்குமிடத்தில் 12 போட்டு ஏற்பட்ட கதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்பது கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வந்தார் அந்த அண்ணன்.

முன்பக்கம்: ஃபோர்க் தலையில் ஒரு போல்ட்டு, இரு முனைகளிலும் கம்பி. முறை அதேதான். ஆனால் முன்பக்கத்துக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. குச்சியோ கல்லோ டயரோடு சுற்றி வந்து மட்கார்டுக்குள் புகுந்தால் மட்கார்டு மடங்கிச் சக்கரத்தை நிறுத்திவிடும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துபோவார். இதைத் தடுக்க, ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் தானே கழன்றுவிடும் பிளாஸ்டிக் கொக்கிகள் முன் கம்பிக்கு வருகின்றன. ஜெர்மனியின் எஸ்கேஎஸ் மட்கார்டுகளில் இவை கூடவே வரும். அந்தக் கொக்கி இல்லாத முன் மட்கார்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

குட்டையானவர்கள், சின்ன ஃபிரேம் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஷூ போட்டு, பெடலை முன்னால் படுக்கையாக வைத்து, ஹேண்டிலைத் திருப்பினால் கால்விரல் மட்கார்டில் இடிக்கிறதா? வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்ப மாட்டோம், அதனால் பிரச்சினை இல்லை. சிக்னலில் வளைந்து நெளியும்போதும், யூ-டர்ன் அடிக்கும்போதும் இடிக்கும். சில நாளில் பழகிவிடும், ஆனால் முதல்முறை அது நடக்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, வால். மட்கார்டோடு வரும் முன் வால் பெரும்பாலும் போதாது. முன் டயர் தண்ணீரை எறிவது உங்கள் பாதத்துக்கும், செயினுக்கும், பெடல் அச்சின் பேரிங்குக்கும், பாட்டிலுக்கும்தான். எண்ணெய் வந்த ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனை நன்றாகக் கழுவி, அதன் தட்டையான பக்கத்திலிருந்து கீழே அகலமாக, மேலே குறுகலாக ஒரு துண்டு வெட்டுங்கள். மேலே இரண்டு ஓட்டை, இரண்டு சின்ன போல்ட்டு. தரையைத் தொடாமல் கொஞ்சம் மேலே வால் நிற்கட்டும். வேகத்தடைகளில் உரசினாலும் வளைந்துகொடுக்கும். பின் வால் உங்களுக்காக இல்லை, பின்னால் வருபவரின் முகத்துக்காக. கூட்டமாக ஓட்டுபவர்கள் அதையும் நீளமாக வையுங்கள்.

முடிந்ததும் சைக்கிளை நான்கு விரல் உயரம் தூக்கிக் கீழே போடுங்கள். கடகடவென்றால் எங்கோ தளர்வு. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள்.

துளையே இல்லாத பந்தய ஃபிரேமுக்கு

ரப்பர் பட்டையால் ஃபோர்க்கிலும் சீட் ஸ்டேயிலும் மாட்டிக் கழற்றும் மட்கார்டுகள் இருக்கின்றன. எஸ்கேஎஸ்ஸின் ரேஸ்பிளேடு இந்த வகைதான். முழு மட்கார்டு அளவுக்குக் காக்காது, ஏனென்றால் பிரேக்குக்கு அடியில் அது போவதில்லை. ஆனாலும் மழைநாளில் இருப்பதற்கும் இல்லாததற்கும் நிறைய வித்தியாசம். பட்டை படும் இடமெல்லாம் காப்பு டேப் ஒட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும்.

அதுகூட வேண்டாம் என்பவர்களுக்கு சாடிலுக்கு அடியில் செருகும் பட்டை. ஸ்வீடனின் ஆஸ் சேவர்ஸ் பிரபலப்படுத்திய எளிய யோசனை. ஆபீஸ் ஃபைலின் கெட்டியான பிளாஸ்டிக் அட்டையை வாழையிலை நுனி மாதிரி வெட்டி, சாடில் கம்பிகளுக்குள் மடித்துச் செருகினால் வீட்டிலேயே ஆயிற்று. முதுகில் சேறு விழாது, காலும் பாட்டிலும் நனையத்தான் செய்யும்.

பெல்

பெல் இல்லாமல் நம் ஊரில் ஓட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பஸ்ஸுக்கு நம் பெல் கேட்காது, உண்மைதான். காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் நடக்கும் பெரியவர்களுக்குக் கேட்கும். சத்தமே இல்லாமல் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அவர்களை ஒட்டிக் கடப்பது அவர்களைப் பயமுறுத்துகிறது. "ஐயா, ஓரம்" என்று கத்துவதைவிட ஒரு டிங் மரியாதையானது.

சிக்கல் என்னவென்றால் சாதாரண பெல்லின் வளையம் 22 மில்லிமீட்டர் ஹேண்டிலுக்கானது. ரோட் பைக் ஹேண்டில்பார் நடுவில், ஃபோர்க்கோடு அதை இணைக்கும் ஸ்டெம் பிடிக்குமிடத்தில், 31.8. லீவர் இருக்குமிடத்தில் 23.8, அதற்கு மேல் டேப் வேறு. ஆக, 31.8-க்கு என்று கேட்டு வாங்குங்கள், அல்லது ரப்பர் பட்டையால் எந்த அளவையும் பிடிக்கும் சின்னப் பித்தளை பெல். ஸ்டெம்மை ஒட்டி, கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். கார்பன் ஹேண்டில் என்றால் ரப்பர் பட்டை மட்டும்.

விமான இறக்கை மாதிரி தட்டையான ஹேண்டிலில் எதுவும் பிடிக்காது. அவற்றுக்கு வழி, ஜிபிஎஸ் மீட்டரை முன்னால் தாங்கும் கையின் அடிப்பக்கம். பல மாடல்களில் கேமரா மாட்ட அங்கே இடம் இருக்கும். அதில் பெல்லையோ சின்ன பேட்டரி ஹாரனையோ தொங்கவிடலாம். ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க் குழாயில் வளையமாக உட்காரும் பெல்லும் உண்டு. அது ஒரு ஸ்பேசரின் இடத்தில் வருவதால், எடுத்த உயரமும் போட்ட உயரமும் சமமாக இருக்க வேண்டும், பேரிங் இறுக்கத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். பிரேக் குழாய் எல்லாம் உள்ளேயே ஓடும் வண்டியில் இதைத் தொடாதீர்கள்.

ஸ்டாண்டு

கார்பனில் ஸ்டாண்டு கிடையாது. மேலே சொன்ன கதை போதும். ஆனால் ஸ்டாண்டின் வேலையை வேறு விதமாகச் செய்யலாம்.

பழைய ட்யூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டுங்கள். நிறுத்தும்போது முன் பிரேக் லீவரையும் ஹேண்டிலையும் சேர்த்து அந்த வளையத்தை மாட்டினால் பிரேக் பிடித்தபடியே இருக்கும். சைக்கிள் உருண்டு ஓடாது. அதன்பின் பின் டயரும் சாடிலும் சுவரிலோ தென்னை மரத்திலோ படுமாறு சாயுங்கள். ஃபிரேமின் மேல்குழாய் கல்லில் படக்கூடாது, அதன் சுவர் மிக மெல்லியது. டீக்கடை வாசல் படியில் இடது பெடலைப் பின்னோக்கி ஏற்றி வைத்தாலும் நிற்கும். ஓட்டாத நேரத்தில் அந்த வளையத்தை ஹேண்டிலிலேயே விட்டுவைக்கலாம். ஐந்து வருடமாக நான் இப்படித்தான் நிறுத்துகிறேன், ஒருமுறைகூட விழுந்ததில்லை.

கேரியரும் பையும்

தோளில் பை மாட்டி ஓட்டுவது மே மாதத்தில் தண்டனை. ஆனால் கேரியர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பின் அச்சுக்கு அருகேயும் மேலே சீட் ஸ்டேயிலும் துளைகள் இருந்தால், அவை கேரியருக்கானவையா மட்கார்டுக்கு மட்டுமானவையா என்று கையேட்டில் பாருங்கள். மட்கார்டுக்கான துளை பாரம் தாங்காது. ஸ்பெஷலைஸ்டு அல்லேயின் புதிய டிஸ்க் மாடல் போன்ற அலுமினிய வண்டிகளில் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். தினமும் வேலைக்குப் போவதற்கு வாங்குபவர்களுக்கு நான் கார்பனைவிட அப்படிப்பட்ட அலுமினிய வண்டியைத்தான் சொல்வேன்.

சீட் போஸ்ட்டில் கவ்வும் கேரியர், போஸ்ட் உருண்டையான அலுமினியமாக இருந்தால் மட்டும். கார்பன் போஸ்ட்டுக்குக் கூடாது. 27.2 மி.மீ. உருண்டை போஸ்ட் என்றால் தனியாக ஓர் அலுமினிய போஸ்ட் வாங்கி மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய செலவில்லை.

கேரியரில் பக்கவாட்டுப் பை தொங்கவிட்டால் குதிகால் இடிக்கும். ரோட் பைக்கின் பின்பக்கம் குட்டை. செயின் ஸ்டே நீளம் 41 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். பையைப் பின்னுக்குத் தள்ளி மாட்டிப் பாருங்கள், இடித்தால் மேலே வைக்கும் பைக்கு மாறுங்கள். ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் கம்பெனி சொல்லும் எடை வரம்பு ஆளும் பாரமும் சேர்ந்தது. 24 ஸ்போக்ஸ் பின்சக்கரத்தில் பத்து கிலோ அரிசி ஏற்றிக் குண்டுக்குழிச் சாலையில் போவது சக்கரத்துக்கு அநியாயம்.

எனக்கு நடைமுறையில் நன்றாக உதவுவது சாடிலுக்குப் பின்னால் கட்டும் பெரிய பை. இங்கிலாந்தின் லங்காஷயரில் காரடைஸ் 1932 முதல் தைக்கும் கான்வாஸ் பைகளின் வடிவம் அது. சாடில் வளையங்களிலும் போஸ்ட்டிலும் தோல் பட்டையால் கட்டுவதுதான், கிளாம்ப் இல்லை. தேங்காய் இரண்டு, கீரைக்கட்டு, ஒரு மாற்றுச் சட்டை தாராளமாகப் பிடிக்கும். போஸ்ட்டில் பட்டை படுமிடத்தில் காப்பு டேப் மறக்கவேண்டாம்.

விளக்கு, கண்ணாடி

பின் விளக்கைப் போஸ்ட்டில் மாட்டிவிட்டு, அப்புறம் சாடில் பையைக் கட்டுகிறோம். பை விளக்கை மறைத்துவிடும், ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. மாட்டியபின் பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள். மறைந்தால் விளக்கைப் பையின் பின்பக்க வளையத்திலோ மட்கார்டிலோ போடுங்கள். முன் விளக்கின் வெளிச்சம் எட்டுப் பத்து மீட்டர் முன்னால் சாலையில் விழட்டும், எதிரே வருபவர் கண்ணில் இல்லை. பிரெவே எனப்படும், நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம் ஓட்டுபவர்களுக்கு இரவில் விளக்கு விருப்பமல்ல, விதி. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், வேகமாக ஓட்டினால் அதை வெளிச்சத்திலேயே முடிக்கலாம். 300-க்கு 20, 400-க்கு 27 மணி நேரம் எனும்போது இரவு வந்தே தீரும். அந்தத் தூரங்களை அடிக்கடி ஓட்டுபவர்கள் முன்சக்கர அச்சிலேயே வரும் டைனமோவுக்கு மாறலாம். 6 வோல்ட், 3 வாட். டயரில் உரசாது, இழுப்பதும் தெரியாது.

கண்ணாடி ஹேண்டிலின் வலது முனையில். நமக்கு வண்டிகள் வலப்பக்கமாகக் கடக்கின்றன. முனை மூடியைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழாய்க்குள் விரிந்து பிடிக்கும் வகை கிடைக்கிறது. ஆலன் கீயால் திருகினால் உள்ளே ரப்பர் விரியும். கார்பன் ஹேண்டிலில் கண்ணாடி ஆடாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் லேசாகத் திருகுங்கள்.

இறுக்கமும் துருவும்

எந்த போல்ட்டானாலும் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் எண்ணைத் தாண்டாதீர்கள். ஃபிரேமில் பதித்த மரைத்துண்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் போங்கள்.

கடலோரத்தில் ஓட்டும் நமக்கு இன்னொரு எதிரி உப்பு. உப்புக்காற்றும் வியர்வையும் பட்டால் அலுமினியத் துளையில் இருக்கும் எஸ்.எஸ். போல்ட்டு அப்படியே பிடித்துக்கொள்ளும். கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியமும் வெள்ளையாகப் பொடித்துப் போகும். மாட்டும்போதே மரையில் கிரீஸ். அதிர்ந்து கழலக்கூடிய மட்கார்டுக் கம்பி போல்ட்டுகளுக்கு மட்டும் கிரீஸுக்குப் பதில் நீலத் திரவம், ஒரு சொட்டு.

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் மட்கார்டைக் கழற்றுகிறீர்கள் என்றால், காலியான துளைகளில் கிரீஸ் தடவி போல்ட்டுகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அக்டோபரில் தேட வேண்டியிருக்காது. கம்பிகள் எந்தப் பக்கத்தினுடையவை என்று டேப்பில் எழுதி ஒட்டி, செருப்புத் துண்டுகளோடு ஒரே பையில் கட்டிவையுங்கள்.